எட்டரைக்கு நடை சாத்தும் கண்கள்

காஞ்சிபுரத்தில் குறித்த நேரத்துக்கு நடை சாத்துகிறவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் கோயில் குருக்கள். இன்னொருவர் எங்கள் எட்டரை அண்ணன். குருக்களாவது திருவிழா என்றால் கொஞ்சம் முன்னே பின்னே ஆவார். அண்ணனின் கண்கள் ஆகாது. இரவு எட்டரை என்றால் எட்டரை. அதற்குப் பிறகு தேடி வருகிறவர் மாவட்ட ஆட்சியராகவே இருந்தாலும் காலை ஐந்து மணிக்கு மேல்தான் தரிசனம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. அதை நான் அவருடைய ஹால் டிக்கெட்டில் மட்டும் பார்த்திருக்கிறேன். தெருவில் அந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் அப்படி யாரும் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். எட்டரை என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடும்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டு மாடியில் நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம். மூவருமே சர்க்கார் வேலைக்கான குரூப் தேர்வு எழுதுகிறவர்கள். நான் தாமல்காரன், அதனால் என் பேர் தாமல். இன்னொருவன் முசரவாக்கம். மூன்றாமவர்தான் அண்ணன். எங்கள் இருவரையும்விடப் பத்து வயது மூத்தவர், பகலில் ஒரு பட்டுக் கடையில் புடவை எடுத்துக் காட்டுகிற வேலை, தேர்வை ஆறு முறை எழுதி ஆறு முறையும் ஒன்றிரண்டு மார்க்கில் விட்டவர்.

கீழே வீட்டுக்காரருக்கு ஒரு தறி, வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு தறி. காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் நடுநடுவே சாப்பாட்டுக்கு ஓய்ந்து, ராத்திரி ஒன்பதரை வரைக்கும் ஓடும். அந்தச் சத்தம் காதில் மட்டும் விழாது. சுவரில் ஏறி, கட்டில் கால் வழியாக வந்து, முதுகில் தட்டும். குடும்பஸ்தர் யாரும் அந்த மாடிக்கு வரமாட்டார்கள் என்பதால்தான் எங்களுக்கு அது கிடைத்தது.

அண்ணனுக்கு அந்த மாடியில் இருக்க வேண்டிய தலையெழுத்தே இல்லை. அவர் பிறந்ததும் நெசவுக்காரக் குடும்பம்தான், பக்கத்துத் தெருதான். பிறகு அவருடைய தம்பி செவிலிமேட்டில் புது வீடு கட்டினார். டைல்ஸ் தரை, ஏசி, ஊரே தெரிகிற பால்கனி. அங்கே குடிபோன நான்காம் நாள் அண்ணன் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு எங்கள் மாடிக்கு வந்துவிட்டார். அவருடைய அம்மா பின்னாலேயே டவுன் பஸ் பிடித்து வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து, அந்த வீட்டில் என்ன குறை கண்டாய் என்று கேட்டு அழுதார்.

"ஒரு கொறையும் இல்லமா. தூக்கம்தான் வரமாட்டேங்குது."

ஏசி உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று அந்த அம்மாவும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

தேர்வு நெருங்கினால் ஊரில் எல்லாரும் தூக்கத்தைக் குறைப்பார்கள். அண்ணன் ஒருவர்தான் தூக்கத்துக்கு டைம்டேபிள் போடுவார். மார்பளவு உயரத்தில் சுவரில் ஒட்டியிருப்பார். அதில் பொது அறிவுக்கு ஒரு மணி நேரம், கணக்குக்கு ஒரு மணி நேரம், தூக்கத்துக்கு எட்டரை மணி நேரம். இந்த அறையில் ராத்திரி படிக்கிறவன் வெளியே போகலாம் என்று கீழே ஒரு வரி. நாங்கள் டீ வாங்கி வைக்கும் ஃபிளாஸ்கை ஒரு நாள் காணவில்லை. தேடிப் பார்த்தால் கீழே வீட்டுக்காரம்மா அதில் ரசம் ஊற்றிவைத்திருக்கிறார். அண்ணன் தானமாகக் கொடுத்துவிட்டாராம்.

முசரவாக்கம் விடுகிற ஆள் இல்லை. போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் ஒரு மணி வரை படிப்பான். அண்ணன் காலை ஐந்து மணிக்கு அவனை உலுக்கி எழுப்பி, ராத்திரி என்ன படித்தாய் சொல்லு என்பார். அவன் அரைக் கண்ணோடு, அடிப்படை உரிமைகள் ஆறு என்று சரியாக ஆரம்பித்து, அவை பாலாறு, செய்யாறு என்று கணக்குச் சொல்லிக்கொண்டு போவான். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கே நான் புத்தகத்தை மூடிவிட்டு எட்டரைக்குப் படுக்க ஆரம்பித்தேன்.

பட்டுக் கடையிலும் அவர் கொடி பறந்தது. முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு குடும்பமே வேன் வைத்துக்கொண்டு வந்து, சாயங்காலம் நாலு மணியிலிருந்து பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எழுபது எண்பது புடவை தரையில் கிடக்கிறது. மணி ஏழே முக்கால். அண்ணன் எழுந்து, இடுப்பில் இருந்த துண்டை உதறி, கல்யாணப் பெண்ணைப் பார்த்து, போய்த் தூங்கிவிட்டுக் காலையில் வாருங்கள், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருக்கிறது, இப்போது எந்தப் புடவையை வைத்துப் பார்த்தாலும் எடுபடாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். முதலாளி அவரை அன்றோடு வேலையை விட்டு நிறுத்துவதாகத்தான் இருந்தார். மறுநாள் ஒன்பது மணிக்கு அந்தப் பெண் வந்து, முதலில் காட்டிய புடவையையே பத்து நிமிஷத்தில் எடுத்துக்கொண்டு, நேற்று இருந்த அண்ணன் எங்கே என்று கேட்டதால் பிழைத்தார்.

திருவிழாவில் சாமி புறப்பாடு எங்கள் தெரு முனைக்கு வர எட்டே கால் ஆகும். அண்ணன் பல் தேய்த்து, தலையணை தட்டிவைத்து, படுக்கத் தயாராக வந்து நிற்பார். கன்னத்தில் போட்டுக்கொள்வார். சாமி நகர்வதற்குள் அவர் நகர்ந்துவிடுவார். சாமிக்கே கால் மணி நேரம்தான் ஒதுக்கீடு.

இப்படிப்பட்டவருக்கு மாதத்தில் ஒரே ஒரு நாள் விதிவிலக்கு. அமாவாசை. அன்றைக்கு நெசவுக்காரர்கள் யாரும் தறியில் உட்காரமாட்டார்கள். ஊருக்கெல்லாம் ஞாயிறு லீவு என்றால் தறிக்கு அமாவாசைதான் லீவு. தெருவே ஓய்ந்து கிடக்கும். அன்று ராத்திரி அண்ணன் படுக்கவே மாட்டார். மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால், விரதம் என்பார். விரதக்காரர் சாப்பிடாமல் இருப்பார் என்பது நாம் கேள்விப்பட்டது. அண்ணன் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்காமல் இருப்பார். மறுநாள் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருக்கும்.

தேர்வு அறிவிப்பு வந்தால் நாங்கள் காலியிடம் எத்தனை என்று பார்ப்போம். அண்ணன் நாள்காட்டியை எடுத்து, தேர்வுக்கு முந்தைய நாள் என்ன திதி என்று பார்ப்பார். போன இரண்டு முறையும் அமாவாசை வந்து மாட்டிக்கொண்டது, அதில்தான் போச்சு என்பார். ராகுகாலம் எமகண்டம் பார்க்கிற ஆள் ஒருவர் மாட்டினார் என்று நாங்கள் சிரிப்போம். ஏழாவது அறிவிப்பு வந்தபோது அவர் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கிப் போய், எல்லாருக்கும் காராபூந்தி வாங்கிவந்தார். சனிக்கிழமை வளர்பிறை, நல்ல தெளிவான வளர்பிறை என்று மூன்று முறை சொன்னார். அந்தத் தேர்வுதான் அவருக்குக் கடைசி. அடுத்ததற்குள் வயது வரம்பு தாண்டிவிடும்.

இங்கே என் விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாமலில் எங்கள் வீடு ஏரிக்கரையை ஒட்டி. தவளைச் சத்தம் தவிர வேறு சத்தம் கேட்டு வளராதவன். இந்த மாடிக்கு வந்த முதல் மாதம், தறிச் சத்தத்தில் மண்டை வெடித்துவிடும்போல இருந்தது. எட்டரைக்குப் படுத்தாலும் புரண்டுகொண்டே இருப்பேன். அண்ணன்தான் ஒரு நாள் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வழி சொன்னார்.

"சத்தத்தோட சண்ட போடாத தாமலு. எண்ணு. சர்ர்னு நாடா போகும், டக்குனு பலகை அடிக்கும். ரெண்டும் சேந்தா ஒண்ணு. நூறு வரிக்கும் எண்ணு, பாக்கலாம்."

நாடா என்பது குறுக்கு இழையை ஏந்திக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற சின்னக் கட்டை. அது போன இழையை நெருக்கி அடிப்பது பலகை. சர்ர், டக். ஒன்று. சர்ர், டக். இரண்டு. முதல் நாள் எண்பத்திரண்டு வரை வந்தது நினைவிருக்கிறது. அடுத்த நாள் அறுபது. பிறகு நாற்பதைத் தாண்டியதே இல்லை. அந்த வருஷம் எனக்குப் படிப்பு ஏறியதற்குப் புத்தகம் பாதிக் காரணம், அந்தத் தூக்கம் பாதிக் காரணம்.

அதனால்தான் அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு நமைச்சல் இருந்துகொண்டே இருந்தது. செய்தேன். செய்யாமல் இருந்திருக்கலாம் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசித் தேர்வுக்கு முந்தைய வாரம் அண்ணனுக்குப் பதற்றம் வந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு நாள் ஒன்பது மணிக்கும் அவர் கண் திறந்திருந்ததைப் பார்த்தேன். எட்டரை அண்ணன் ஒன்பது மணிக்கு விழித்திருப்பது என்பது மூலவர் எழுந்து வந்து வாசலில் நிற்கிற மாதிரி. நான் பயந்துபோனேன். அதைவிட, அவர் தலையைச் சுவரோடு சேர்த்து, ஒரு காதைச் சுவரில் அழுத்தி, இன்னொரு காதின்மேல் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். பாவம், சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொள்கிறார், இத்தனை வருஷமும் நமக்குத் தைரியம் சொல்லிவிட்டுத் தான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அவர் கடைக்குப் போனதும் நான் கீழே இறங்கினேன். வீட்டுக்காரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, இன்று ஒரு ராத்திரி மட்டும் தறியைச் சீக்கிரம் நிறுத்த முடியுமா என்று கேட்டேன். கல்யாண முகூர்த்த மாதம், கையில் அவசர வேலை. முகத்தைச் சுளிப்பார் என்று நினைத்தேன்.

"எட்டர தம்பி பரீட்சைக்கா? இத்த கேக்கணுமாபா? ஏழு மணிக்கே நிறுத்திடறோம். எங்க வூட்ல மட்டும் நிறுத்தினா போதுமா, எதுத்த வூட்டு சத்தம் வராதா?"

அதுவும் நியாயம்தானே. நான் எதிர் வீட்டுக்குப் போனேன். அவர்கள் பக்கத்து வீட்டைக் கை காட்டினார்கள். இப்படியே தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில்கூட மறுப்பு இல்லை. எட்டரைக்காகவா என்று ஒவ்வொருவராகக் கேட்டுச் சிரித்தார்கள், தலையாட்டினார்கள். ஒரு வீட்டில் எனக்கு மோர் கொடுத்தார்கள். தெரு முழுக்க அவருக்கு இவ்வளவு பிரியம் இருக்கிறதே என்று எனக்கே பெருமையாக இருந்தது. நான் தேர்தலுக்கு நின்றிருந்தால் அன்று ஜெயித்திருப்பேன்.

சாயங்காலம் ஏழு மணிக்குத் தெரு ஓய்ந்தது. ஒவ்வொரு வீடாக டக் டக் நின்று, கடைசியில் யார் வீட்டிலோ ஒரு டம்ளர் விழுந்தது எங்கள் மாடிக்குத் துல்லியமாகக் கேட்டது. அண்ணன் கடையிலிருந்து வந்து, படியில் பாதி ஏறி, அப்படியே நின்றார். சுற்றிலும் பார்த்தார். உள்ளே போய் நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, குடிக்கத் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று குடத்தை எடுத்துக்கொண்டு கீழே போனார். குடம் நிரம்பித்தான் இருந்தது. அதை நான் கவனித்தேன். ஆனால் அதற்கு அர்த்தம் என்ன என்று எனக்குப் புரியவில்லை.

திரும்பி வந்தவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. எட்டரைக்குப் படுத்தார். கண்ணை மூடினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. நிம்மதியாகத் தூங்கிவிட்டார் என்று நானும் படுத்தேன். எனக்குத்தான் வெகுநேரம் தூக்கம் பிடிக்கவில்லை. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்தது. நாளைத் தேர்வுக் கவலை என்று நினைத்துக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட மடையன் பாருங்கள், என் உடம்பே எனக்குச் சொல்லியிருக்கிறது.

காலை ஐந்தரைக்கு அண்ணனின் போனில் அலாரம் அடித்தது. கீழே தறிகள் ஓட ஆரம்பித்து அரைமணி ஆகியிருந்தது. அண்ணன் வாயைச் சற்றே திறந்துகொண்டு குழந்தைமாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நம்மால் ஒரு மனுஷன் இப்படித் தூங்குகிறான் என்று நின்று பார்த்தேன். அவருக்கு மையம் டவுனுக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம், நடந்தால் பத்து நிமிஷம். எனக்கும் முசரவாக்கத்துக்கும் வாலாஜாபாத் பக்கம், ஆறரை பஸ். இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று அலாரத்தை அணைத்தேன். கிளம்பும்போது, ஏழரைக்கு எழுப்பிவிடுங்கள் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

அந்த அம்மா ஏழரைக்கு மேலே போனார். அவர் தூங்குகிற அழகைப் பார்த்தார். பக்கத்தில்தானே பள்ளிக்கூடம், பிள்ளை பத்து நிமிஷம் தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தார். எட்டு மணிக்கு வீட்டுக்காரர் போனார். அவரும் பார்த்தார். அவரும் ஒரு பத்து நிமிஷம் கொடுத்தார். போட்ட இட்லி ஆறாமல் இருக்கட்டும் என்று மூடிவைத்துவிட்டு இருவரும் தறியில் உட்கார்ந்தார்கள். பிரியத்தில் கொடுத்த பத்து நிமிஷங்களை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அந்த அம்மா அலறியடித்துக்கொண்டு ஓடி, அவரைத் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பினார். அண்ணன் செருப்புகூடப் போடாமல் ஹால் டிக்கெட்டோடு ஓடினார். ஒன்பது மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவது விதி. அவர் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது ஐந்து.

நாங்கள் பகல் இரண்டு மணிக்குத் திரும்பியபோது அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, கீழே ஓடுகிற தறியைக் கேட்டுக்கொண்டிருந்தார். கால் இரண்டும் புழுதி. நான் எதுவும் கேட்பதற்குள் அவரே சொன்னார். கேட்டில் இருந்த வாட்ச்மேன், சார் நல்லாத் தூங்கி எழுந்து வந்திருக்கிறீர்கள் போல, முகம் பளிச்சென்று இருக்கிறது என்றானாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். முசரவாக்கம் வெளியே எழுந்து போய்விட்டான். நான் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அவர் உண்மையைச் சொன்னார். பிறந்ததிலிருந்து தறிக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டி வளர்ந்த உடம்பு. தறி ஓடினால்தான் கண் சொருகும். ஒன்பதரைக்குத் தறி நின்றுவிடும் என்பதால்தான் எட்டரைக்கே படுப்பது. அதற்குள் தூங்கிவிட்டால் சரி, விட்டால் காலை ஐந்து மணிக்கு மறுபடி தறி ஓடும்வரை பொட்டுத் தூக்கம் கிடையாது. செவிலிமேட்டு வீட்டில் நாலு நாள் கொட்டக் கொட்ட விழித்திருந்திருக்கிறார். அமாவாசை விரதமும் அதுதான். போனில் தறிச் சத்தத்தைப் பதிந்து போட்டுக்கூடப் பார்த்திருக்கிறார். சத்தம் காதுவரைக்கும்தான் வருகிறது, கட்டிலுக்கு வரவில்லையாம். அவர் காதைச் சுவரில் வைத்தது பொத்திக்கொள்ள அல்ல. பதற்றத்தில் தூக்கம் தள்ளிப்போகிறதே என்று, தறியை இன்னும் கிட்டத்தில் கேட்பதற்கு.

ஊருக்கெல்லாம் தூக்கத்தைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டு, தாலாட்டு இல்லாமல் தனக்குத் தூக்கம் வராது என்று எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

"சரிண்ணே, நேத்து கீழ போனீங்களே. அக்காகிட்ட ஓட்டுங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லத்தான் போனேன்பா. போனா, அக்கா வாசல்ல உக்காந்துக்கினு, ஒனக்கோசரம் தெருவே கைய கட்டிக்கினு இருக்குது தம்பி, போய் நல்லா தூங்குன்றாங்க. எதுத்த வூட்ல இருந்து கைய ஆட்றாங்க. அவங்க மூஞ்ச பாத்து எப்டிபா சொல்றது?"

கும்பிட்டுவிட்டு மேலே வந்துவிட்டாராம். தண்ணீர் பிடிக்கப் போனது வெறும் சாக்குக்குத்தானாம்.

தெருவை நிறுத்தச் சொன்னது நான்தான் என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். அலாரத்தை அணைத்ததும் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாக்கு எழவில்லை என்று இப்போது சமாதானம் சொல்லலாம். உண்மையில் பயம். வளர்பிறை என்று காராபூந்தி வாங்கிக்கொடுத்த மனுஷனுக்கு, அந்த வளர்பிறையிலேயே ஓர் அமாவாசையை வீடு வீடாக ஏறிச் செய்து கொடுத்தவன் நான். அதன் பிறகு ஒரு வருஷம் முழுக்க அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, நூலகத்திலேயே உட்கார்ந்திருந்து, அவர் தூங்கின பிறகு மாடிக்கு வருவேன். அவர் கேட்கவும் இல்லை. எனக்கும் ஒரு தட்டில் சாப்பாடு எடுத்து மூடிவைத்திருப்பார். அதைத் தின்பதுதான் எனக்குத் தண்டனையாக இருந்தது.

அந்தத் தேர்வில் நான் தேறவில்லை. அடுத்த அறிவிப்பு வந்தபோது அண்ணனுக்கு வயது முடிந்துபோயிருந்தது. இருந்தாலும் பழக்கதோஷம், நாள்காட்டியை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி ஆணியில் மாட்டினார். நானும் பிறகு பார்த்தேன். தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை அமாவாசை.

எனக்கென்ன, நான் ஏரிக்கரைக்காரன், அமைதியில் பிறந்தவன் என்று தைரியமாகத்தான் இருந்தேன். அந்தச் சனிக்கிழமை எட்டு மணிக்குப் படுத்தேன். தெரு ஓய்ந்து கிடந்தது. கண்ணை மூடினால் இமைக்குள் கேள்வித்தாள் ஓடுகிறது. புரண்டேன். தண்ணீர் குடித்தேன். மூன்று வருஷத்தில் என் உடம்பும் அந்த மாடிக்குப் பழகிவிட்டது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் கட்டில் காலி. வழக்கம்போல மொட்டைமாடியில் இருப்பார் என்று நினைத்தேன்.

எட்டரை மணி. கீழே ஒரு தறி ஓடியது.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அமாவாசையன்று தறியைத் தொடுவதாவது, அதுவும் இந்தத் தெருவில். மெல்லப் படி இறங்கி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வீட்டுக்காரரும் வீட்டுக்காரம்மாவும் ஓரமாகப் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். தறியில் அண்ணன். காலால் மிதிக்கிறார், கையால் பலகையை இழுத்து விடுகிறார். நாடாவை எடுத்து ஓரத்தில் வைத்திருக்கிறார். இழை போகவில்லை, துணி ஒரு நூலளவும் வளரவில்லை. நெய்தால்தானே அமாவாசைக்குக் குற்றம், இது நெய்யவில்லை, சத்தம் மட்டும்தான் என்று அவர் வீட்டுக்காரரிடம் ஒரு வாரமாக வாதாடிச் சம்மதம் வாங்கியிருந்தாராம். பிற்பாடு அந்த அம்மா சொன்னார். கூடவே, போன வருஷம் தெருவை நிறுத்தச் சொல்லிக் கேட்டது நான்தான் என்பது அண்ணனுக்கு அன்று ராத்திரியே தெரியும் என்றும் சொன்னார். அண்ணன் வாசலில் கும்பிட்டு நின்றாரே, அப்போதே அந்த அம்மா சொல்லிவிட்டாராம்.

நான் மேலே வந்து படுத்தேன். டக். டக். சர்ர் இல்லாமல் டக் மட்டும் வந்தது. அதை எண்ணினேன். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்ததால் இரண்டு முறை எண்ணிக்கை தப்பியது. முப்பதுக்கு மேல் எனக்கு நினைவில்லை.

காலையில் அண்ணன் படியில் நின்றிருந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். என் ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்திருந்தார்.

"தூங்கினியா?"

"தூங்கினேண்ணே. அண்ணே, போன வருஷம்..."

"பஸ் போய்டும், கெளம்பு."

நான் தேறினேன். இப்போது ஒரு தாலுகா அலுவலகத்தில் உதவியாளர். குடியிருப்பது, வேறெங்கே, செவிலிமேட்டில்தான், டைல்ஸ் போட்ட அமைதியான வீட்டில். அண்ணன் அதே மாடியில் இருக்கிறார், அதே கடையில் புடவை காட்டுகிறார். புதுசு புதுசாகப் படிக்க வருகிற பையன்களின் ஃபிளாஸ்குகளை இன்னும் தானம் செய்துகொண்டிருக்கிறார். மாதம் ஒரு முறை பார்க்கப் போவேன். எட்டு மணியானால் என்னைக் கிளப்பிவிடுவார்.

வீட்டில் நாங்கள் படுக்கப் பத்து மணி ஆகும். இருந்தாலும் தினமும் எட்டரைக்கு ஒரு முறை என் கண் கடிகாரத்துக்குப் போகிறது. இந்நேரம் கீழே தறி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அண்ணன் தூங்கியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.